வகுப்புக்கு டிவிடி: நூலகம் தர மறுத்தால் என்ன செய்வது?

கேள்வி: கலைக் கல்லூரியில் திரைப்பட ரசனைத் தாள் நடத்துகிறேன். நூலகத்தில் இருக்கும் நான்கு டிவிடிகளை செமஸ்டர் முழுக்க என் பெயரில் வைத்துக்கொள்ளக் கேட்டேன். மூன்று நாளுக்கு மேல் தர முடியாது என்கிறார் நூலகர். ஹோல்டு (முன்பதிவு) போட்டும் பயனில்லை. காப்பி எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி மாணவர்களுக்கு லிங்க் கொடுத்துவிடலாமா?

பதில்: நியாயம் நூலகர் பக்கம்தான். டிவிடி உங்கள் பீரோவில் இருந்தால், திரையிட்ட அன்று லீவு போட்ட பையன் எங்கே போய்ப் பார்ப்பான்? நான்கும் நூலகத்திலேயே இருக்கட்டும், ஆனால் என் தாளுக்கென்று ஒதுக்கி வையுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு மறுக்கக் காரணம் எதுவும் இருக்காது.

நீங்கள் போட்ட ஹோல்டு, பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரி. இப்போது வைத்திருப்பவர் திருப்பியதும் உங்களுக்கு வரும். தவணை முடிந்தால் போய்விடும். தாளுக்கு ஒதுக்க 'கோர்ஸ் ரிசர்வ்ஸ்' என்று தனி வசதி உண்டு. உங்கள் நூலகம் கோஹா என்ற நூலக மென்பொருளில் இயங்கினால் அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது; நிர்வாக அமைப்பில் போய் இயக்கிவிட வேண்டியதுதான். தாள், ஆசிரியர், செமஸ்டர் விவரங்களைப் பதிந்து டிவிடிகளை அதில் சேர்க்கும்போது, அவற்றின் வகையையும் இருப்பிடத்தையும் தற்காலிகமாக மாற்றிக்கொள்ளலாம். அந்த வகைக்கு 'மூன்று மணி நேரம், நூலகத்துக்குள் மட்டும்' என்று நூலகர் ஒரு விதி எழுதிவைத்தால் போதும். செமஸ்டர் முடிந்து தாளை முடக்கியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

கோஹா இல்லையா? தாள் குறியீடு, டிவிடிகளின் அக்செஷன் எண்கள் (நூலகப் பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் உள்ள எண்), திரையிடும் தேதிகள் இவற்றை எழுதி, துறைத்தலைவர் கையெழுத்தோடு செமஸ்டர் தொடங்கும் முன்பே கொடுங்கள். கவுன்ட்டருக்குப் பின்னால் ஓர் அடுக்கு கிடைக்காமலா போகும்? திரையிடும் நாளில் மட்டும் உங்கள் பெயரில் எடுத்துப் போய், சாயங்காலமே திருப்பிவிடுங்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். வகுப்பில் படம் காட்ட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். 1957 பதிப்புரிமைச் சட்டம், 52(1)(ஜே) பிரிவு அதற்கு இடம் தருகிறது. பார்ப்பவர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், கல்லூரிப் பணிகளோடு தொடர்புடையவர் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெளியாட்களைக் கூப்பிட்டு விழா நடத்தினால் உரிமையாளரின் அனுமதி தேவை.

கூகுள் டிரைவில் முழுப் படத்தை ஏற்றுவது வேறு கதை. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் வழக்கைச் சிலர் துணைக்கு இழுப்பார்கள். பாடத்துக்குத் தேவையான பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பாகத் தரலாம் என்று 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் அங்கே பேசப்பட்டது புத்தகங்களைப் பற்றி. டிவிடிகள் பெரும்பாலும் நகலெடுப்பதைத் தடுக்கும் மின்னணுப் பூட்டோடு வருகின்றன. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கும் 65ஏ பிரிவு 2012 திருத்தத்தில் சேர்ந்துவிட்டது. போதாததற்கு, உங்கள் லிங்க் வகுப்பு வாட்ஸ்அப் குழுவோடு நிற்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? என்னைக் கேட்டால், வேண்டாம்.

சொந்த நெட்ஃபிளிக்ஸ் கணக்கிலிருந்து காட்டுவதும் சிக்கல்தான், அது தனிப்பட்ட பயன்பாட்டுக்கென்று நீங்கள் ஒப்புக்கொண்ட சேவை. தன்னுடைய ஆவணப்படங்கள் சிலவற்றுக்கு மட்டும் கல்வித் திரையிடலுக்கு அந்த நிறுவனமே அனுமதி தருகிறது. உங்களுக்கு வேண்டியது அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், டிவிடியை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துவிடுங்கள். புது லேப்டாப்களில் டிவிடி டிரைவே இருப்பதில்லை. அமெரிக்காவில் வாங்கிய டிவிடியாக இருந்தால் இன்னொரு தொல்லை: அங்கே மண்டல எண் 1, இந்தியாவுக்கு 5; டிவிடியின் எண்ணும் டிரைவின் எண்ணும் பொருந்தினால்தான் படம் ஓடும். டிவிடி டிரைவில் எண்ணை மாற்றலாம், ஆனால் பொதுவாக ஐந்தே முறைதான். அதற்குப் பிறகு கடைசியாக வைத்த எண்ணிலேயே நின்றுவிடும். யுஎஸ்பியில் இணைக்கும் டிவிடி டிரைவ் ஒன்றை நூலகமே வாங்கி, எண் 1-ல் வைத்து, அந்த டிவிடிகளோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.