‘டக்’ சத்தத்தோடு நின்றுவிடும் ராணுவ லாரி

கேள்வி: ராணுவ ஏலத்தில் வந்த பழைய டீசல் லாரி, 12 வோல்ட் பேட்டரி இரண்டு, 24 வோல்ட் செல்ஃப். காலையில் ஸ்டார்ட் செய்தால் ‘டக்’கென்று ஒரு சத்தம், அதோடு சரி. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. தள்ளிவிட்டால் உடனே பிடிக்கிறது. செல்ஃபை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: தயவுசெய்து அவசரப்பட்டு மாற்றாதீர்கள். தள்ளினால் பிடிக்கிறது என்றால் டீசல் பக்கம் பழுதில்லை. லைட் எரிவதை நம்பவும் கூடாது. ஹெட்லைட்டுக்குச் சில ஆம்பியர் போதும். செல்ஃப் 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த ஓட்டத்தில் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் போய்விடும். பச்சைக் களிம்பு பூத்த ஒரே ஒரு லக்கு (கேபிள் முனையில் போல்ட் மாட்டும் உலோகத் துண்டு) அதற்குப் போதும்.

முதலில் பேட்டரிகளைத் தனித்தனியாகப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். பிறகு கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, இன்ஜின் பிடிக்காதபடி ஸ்டாப் லீவரை இழுத்துக் கட்டுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்க, நீங்கள் வோல்ட் மீட்டர் பிடியுங்கள். 10 விநாடிக்கு மேல் அடிக்கக் கூடாது. நடுவே ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். அடிக்கும்போது 9.5 வோல்ட்டுக்குக் கீழே விழும் பேட்டரிதான் குற்றவாளி.

இரண்டும் தாங்கினால் கேபிளுக்கு வாருங்கள். மீட்டரின் ஒரு முனையை, செல்ஃபுக்குக் கேபிள் போகும் பாசிட்டிவ் ஈயக் கம்பத்தின் மேலேயே வையுங்கள், கிளாம்ப்பில் அல்ல. மறுமுனை செல்ஃபின் பெரிய போல்ட்டில். செல்ஃப் அடிக்கும்போது 1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ தடை. மெயின் கட்-ஆஃப் சுவிட்சையும் விடாதீர்கள். உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கும். அடுத்து சொலினாய்டின் (செல்ஃபுக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்ச், ‘டக்’ சத்தம் இதனுடையதுதான்) இரு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவே. ‘டக்’ கேட்ட பிறகும் 24 வோல்ட் அப்படியே நின்றால் உள்ளே செம்புத் தகடு தீய்ந்துவிட்டது. அதை மட்டும் மாற்றலாம்.

கடைசியாக இன்ஜின் பிளாக்குக்கும் சேசிஸில் எர்த் ஆகும் நெகட்டிவ் கம்பத்துக்கும் நடுவே. அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பழைய ராணுவ வண்டியில் அதிகம் மாட்டுவது இந்த இடம்தான். இன்ஜின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. சேசிஸுக்கு மின்சாரம் போக, பின்னல் எர்த் பட்டை ஒன்றுதான் வழி. அந்த லக்குக்கு அடியிலேயே பச்சை பெயின்ட் இரண்டு மூன்று கோட் ஏறியிருக்கும். மேலே நம் செம்மண் புழுதி படிந்து, ஐப்பசி மழையில் ஊறினால் கேட்கவே வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றிவிட்டு, பட்டையை எடுத்து, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை உப்புத்தாள் போடுங்கள். பல் வாஷர் வைத்து முறுக்கிய பிறகு வாஸ்லைன் பூசுங்கள். நெகட்டிவைக் கடைசியில் மாட்டுங்கள்.

கேள்வி: இதேபோன்ற 24 வோல்ட் லாரியில் பாட்டுப்பெட்டிக்கு ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால் என்ன?
– வாசகர், தேவகோட்டை

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த பேட்டரி மட்டும் இறங்கும். சார்ஜ் ஆகும்போது இரண்டுக்கும் ஒரே கரண்ட் ஓடுவதால் இறங்கியது நிரம்பாது, மற்றது கொதித்துத் தண்ணீர் வற்றும். சில மாதத்தில் இரண்டும் போகும். 24-லிருந்து 12-க்கு இறக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள். பேட்டரி மாற்றும்போதும் ஜோடியாக, ஒரே ஆம்பியர்-ஹவரில் மாற்றுங்கள்.