மெட்டில் இல்லாத இரண்டு சுரங்கள்

அன்புள்ள ஐயா,

ஸ்காட்லாந்து நாட்டுப்பாடல்களை நான்கு குரலுக்கு அமைத்துப் பொதுமேடையில் பாட இருக்கிறோம். எடின்பரோவில் 20 பேர் கொண்ட குழு எங்களுடையது. முதலில் ‘ஆல்ட் லாங் சைன்’ எடுத்தோம். பியானோ சேர்ந்ததும் சர்ச் கீதம் மாதிரி ஆகிவிடுகிறது. கடைசிச் சரணத்தில் பேக்பைப் சேர்க்கவும் ஆசை. எங்கே பிழை?

ஆர்.

அன்புள்ள ஆர்,

பிழை கார்டுகளில், அதாவது மெட்டோடு சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டுகளில், இருக்கும். அந்த மெட்டுக்கு ஐந்தே சுரங்கள்: ஸ ரி க ப த. நம் மோகனத்தின் சுரங்கள்தாம். முதல் அடியைப் பாடிப் பாருங்கள்: கீழ் ப, பிறகு ஸ ஸ ஸ க, ரி ஸ ரி க, ஸ ஸ க ப, த. மத்யமமும் நிஷாதமும் எங்குமே வராது.

மேற்கத்திய சுரமான டி-யை ஸட்ஜமாக வைத்தால் புத்தகங்களில் வழக்கமாகப் போடும் கார்டுகள் டி, ஏ7, டி, ஜி. ஏ7-ல் உள்ளவை ஏ, சி ஷார்ப், ஈ, ஜி; நம் கணக்கில் ப, நி, ரி, ம. மெட்டு ஒதுக்கிவைத்த நி, ம இரண்டும் அந்த ஒரே கார்டில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. நி ஸ-வை நோக்கி இழுக்க, அடிக்கு அடி சர்ச் கீதம் முடிவதுபோல் கேட்கிறது.

இரண்டாவது கார்டில் ஏ, ஈ மட்டும் போதும். நான்காவதில் ஜி-யை எடுத்துவிட்டு பி மைனர் வையுங்கள். அது த, ஸ, க. எல்லாம் மெட்டுக்குள்ளேயே இருப்பவை. ஆண் குரல்கள் டி-யும் ஏ-யும் சுருதியாகப் பிடிக்கட்டும். எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் சுருதியில் ஓட்டை விழும். ஆளுக்கு ஒரு சொல்லில் வாங்கப் பழக்குங்கள். முதல் சரணம் பியானோ இல்லாமல், எல்லோரும் ஒரே குரலில். ஏ7-ஐ முற்றாக விலக்கச் சொல்லவில்லை. கடைசிப் பல்லவியின் கடைசி அடியில் ஒரே ஒரு முறை வரட்டும், அப்போது அதற்கு உண்மையான பலம் இருக்கும்.

இந்த வேலையை உங்கள் ஊரிலேயே 200 ஆண்டுகளுக்கு முன் ஜார்ஜ் தாம்சன் என்ற பாடல் தொகுப்பாளர் செய்தார். ஹைடன், பீத்தோவன் போன்ற இசையமைப்பாளர்களிடம் மெட்டுகளை அனுப்பி, பியானோ, வயலின், செல்லோவுக்கு எழுதி வாங்கினார். பீத்தோவன் அமைத்த 25 பாடல்களை 1818-ல் வெளியிட்டார். பெரும்பாலும் பீத்தோவன் கைக்குப் போனது மெட்டு மட்டும்தான். பாட்டின் சொற்கள் போகவில்லை. அவ்வளவு பெரிய மேதைக்கும் சொல் தெரியாமல் அமைப்பது பெரிய இழப்பு. நீங்கள் சொல்லிலிருந்தே தொடங்குங்கள்.

அடுத்து ஸ்ட்ராத்ஸ்பே என்ற ஸ்காட்லாந்து நடன வகை மெட்டுகளை எடுப்பீர்கள். அவற்றில் ‘ஸ்காட்ச் ஸ்னாப்’ வரும். ஒரு தட்டை நான்காகப் பிரித்தால் முதல் சுரத்துக்கு 1, அடுத்ததற்கு 3. அழுத்தம் குட்டைச் சுரத்தின்மேல்தான். பாடகர்கள் அதைத் தட்டுக்கு முன்னால் தள்ளிவிடுவார்கள், உடனே உயிர் போய்விடும். மெட்டில்லாமல், கை தட்டியபடி சொற்களை மட்டும் பத்துமுறை சொல்லவையுங்கள். பியானோ பெடலில் கால் வைக்கவே வேண்டாம்.

பேக்பைப்பைச் சரணத்தோடு சேர்க்காதீர்கள். பியானோவின் ஏ 440 ஹெர்ட்ஸ். பேக்பைப்பின் ஏ இன்று பெரும்பாலும் 470-க்கு மேல். அதில் ஒன்பதே சுரங்கள், டி-யை ஸட்ஜமாக வைத்தால் இந்தப் பாட்டின் மேல் தைவதம் எட்டாது. ஒலியைக் குறைக்கவும் முடியாது, 20 குரல்களும் அமுங்கிவிடும். பாட்டு முடிந்தபின் அது தனியாக ஒரு மெட்டு வாசிக்கட்டும். பாட்டோடு சேர ஃபிடில், அதாவது வயலின், போதும். அதன் திறந்த டி, ஏ தந்திகளே சுருதி கொடுத்துவிடும்.