பழைய மினிவேன் சூடாகிறது, பேட்டரி இறங்குகிறது: எங்கே தொடங்குவது?

கேள்வி: எங்களிடம் 7 பேர் உட்காரும் மினிவேன் இருக்கிறது. வி6 பெட்ரோல் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். வயது 15, ஓட்டம் 2,20,000 கி.மீ. ஏசி போட்டுக்கொண்டு நெரிசலில் நின்றால் வெப்ப ஊசி ஏறுகிறது; வண்டி நகர்ந்தால் இறங்கிவிடுகிறது. இரண்டு நாள் எடுக்காமல் விட்டால் பேட்டரி படுத்துவிடுகிறது, புதுசு மாற்றிய பிறகும் அதே கதைதான். இழுத்துத் திறக்கும் பக்கக் கதவு பாதியில் சிக்குகிறது. பின்சீட்டுக்குக் குளிர்காற்று வருவதில்லை. பட்டறையில் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர், கதவு மோட்டார், ஏசி கம்ப்ரஸர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா, அல்லது வண்டியையே தள்ளிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்லியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் அந்தப் பட்டியலில் பெரும்பாலானவை பழுதாகியிருக்க வாய்ப்பு குறைவு. இந்த வயதில் மினிவேனில் முதலில் போவது ரப்பர், பிளாஸ்டிக், ஒயர், கனெக்டர். பெரிய பாகங்கள் அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு கோளாறுக்கும் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. அதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

சூட்டிலிருந்து தொடங்குவோம். மற்றவை தொல்லைகள், இது எஞ்சினையே கொன்றுவிடும். நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்குகிறது என்பதுதான் இங்கே முக்கியமான துப்பு. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நின்றால் அந்த வேலையை ஃபேன் செய்ய வேண்டும். ஆகவே சந்தேகம் ஃபேன் மேல்தான். இதற்கு நேர்மாறாக, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போதோ மேடேறும்போதோ ஊசி ஏறியிருந்தால் அடைபட்ட ரேடியேட்டர், கூலன்ட் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் முழுக்கத் திறக்காதது, தேய்ந்த வாட்டர் பம்ப் என்று அந்தப் பக்கம் போயிருக்கலாம்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். எலக்ட்ரிக் ஃபேன் உள்ள பெரும்பாலான வண்டிகளில் சில நொடிகளுக்குள் ஃபேன் சுற்றத் தொடங்கும். சுற்றவில்லை என்றால் ஃப்யூஸைப் பாருங்கள். அடுத்து ரிலே, அதாவது ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சிறு சுவிட்ச்: அதே பெட்டியில் அதே எண் போட்ட இன்னொரு ரிலே, ஹாரனுடையதோ வேறெதுவோ இருக்கும், இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். அப்போதும் அசையவில்லையா? ஃபேனின் கனெக்டரைக் கழற்றி மோட்டாருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுங்கள். அப்போதும் சும்மா நின்று, மோட்டாரின் உடம்பில் ஸ்குரூடிரைவர் பிடியால் மெல்லத் தட்டியதும் சுற்றத் தொடங்கினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இரட்டை ஃபேன் உள்ள சில வண்டிகளில் குறைந்த வேகத்துக்கு இரண்டு மோட்டாரும் தொடர் இணைப்பில் ஓடும். ஒன்று செத்தால் இரண்டுமே நின்றுவிடும். அதைப் பார்த்துவிட்டு இரண்டையும் மாற்றுகிறவர்கள் உண்டு. எஞ்சின் சூடாக இருக்கும்போது ஃபேன் எந்த நொடியும் தானாகச் சுற்றலாம், விரல் பத்திரம்.

ஃபேன் ஒழுங்காகச் சுற்றுகிறதென்றால் ஏசி கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். பதினைந்து வருடத்து இலை, தூசி, பூச்சி எல்லாம் அங்கே கம்பளம்போல் அடைந்திருக்கும். எஞ்சின் ஆறிய பிறகு சாதாரணக் குழாய்த் தண்ணீரை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடியுங்கள். பிரஷர் வாஷரால் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த காற்றுவழியும் போய்விடும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. பாதி கூலன்ட், பாதி தண்ணீர் கலந்த கலவை சாதாரண அழுத்தத்தில் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மூடி 1 பார் அளவுக்கு அழுத்தம் பிடித்துவைத்தால் கொதிநிலை 125 டிகிரிக்கு மேல் போய்விடும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதே அழுத்த எண் அச்சிட்ட புது மூடி போடுங்கள். சூட்டில் திறந்துவிடாதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். கலக்குவதற்கு டிஸ்டில்டு வாட்டர் எடுங்கள். கூலன்ட்டை நிறம் பார்த்து வாங்காமல் வண்டியின் கையேட்டில் சொன்ன வகை பார்த்து வாங்குங்கள்.

கூலன்ட் குறைகிறது, ஆனால் கீழே சொட்டு இல்லை என்றால் வண்டிக்கு அடியில் பின்பக்கம் வரை பாருங்கள். பின்சீட்டுக்குத் தனி ஹீட்டர் உள்ள மினிவேன்களில் கூலன்ட் குழாய்கள் தரையோடு ஒட்டி நீளமாகப் பின்னால் போகும். அந்த இரும்புக் குழாய்கள் துருப்பிடிக்கும். முன்பக்கம் பிரியும் இடத்தில் T வடிவ பிளாஸ்டிக் இணைப்பு இருந்தால் அது நாளாக ஆக மொறுமொறுவென்று ஆகி ஒருநாள் பட்டென்று உடையும். நீளமான குழாய் என்பதால் காற்றும் உள்ளே மாட்டிக்கொள்ளும். கூலன்ட் மாற்றிய பிறகு வண்டியின் மூக்கு சற்று மேலே இருக்கும்படி நிறுத்தி, முன் ஹீட்டர், பின் ஹீட்டர் இரண்டையும் முழுச் சூட்டில் வைத்து, இரண்டிலும் சூடான காற்று வரும்வரை எஞ்சினை ஓடவிட வேண்டும்.

ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கிறதா என்பதையும் கையோடு தெரிந்துகொள்ளுங்கள். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்துக்குள் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லுபோல் இறுகுகிறதா, கூலன்ட் டப்பாவில் விடாமல் குமிழி வருகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் எஞ்சினில் எரிந்த புகை கூலன்ட்டில் கலக்கிறதா என்று காட்டும் சோதனைத் திரவம் கொண்டு சோதிக்கச் சொல்லுங்கள். நீலத் திரவம் மஞ்சளானால் கேஸ்கட் கசிகிறது. வழியில் ஊசி சிவப்பைத் தொட்டால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும்.

அடுத்து பேட்டரி. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வையுங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது. அதன்மேல் பழிபோட அவசரப்பட வேண்டாம். வண்டி ஓய்வில் இருக்கும்போது முழுச் சார்ஜ் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். புது பேட்டரியும் இரண்டு நாளில் இறங்குகிறதென்றால் ஏதோ ஒன்று தூங்காமல் மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 ஆம்பியர் கசிந்தால் 48 மணி நேரத்தில் 48 ஆம்பியர்-அவர் போய்விடும். 60 ஆம்பியர்-அவர் பேட்டரியில் மிச்சமிருப்பதை வைத்து ஸ்டார்ட்டர் சுற்றாது.

அதைப் பிடிப்பது இப்படி. பானெட்டைத் திறந்துவையுங்கள். ஓட்டுநர் கதவையும் திறந்தே வைத்து, அதன் லாக் கொக்கியை ஸ்குரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். கதவு சாத்தியிருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும், ஃப்யூஸ் பெட்டியும் கைக்கு எட்டும். வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவித்த பிறகே கதவைச் சாத்துங்கள். ஸ்மார்ட் கீ என்றால் சாவியைத் தூரமாக வைத்துவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, 10 ஆம்பியர் நிலையில் வைத்த மீட்டரை அந்த ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் இணைத்து, 30 முதல் 45 நிமிடம் தொடாமல் விடுங்கள். உள்ளிருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்க அவ்வளவு நேரமாகும். பொதுவாக 50 மில்லியாம்பியருக்குள் இறங்க வேண்டும். மீட்டர் இணைந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.

அதற்கு மேல் காட்டினால் ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது வழக்கம். ஆனால் திரும்பச் செருகும்போது தூங்கிய கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும், அளவு குழம்பிவிடும். அதைவிட, மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு ஃப்யூஸின் தலையிலும் தெரியும் இரண்டு சிறு உலோகப் புள்ளிகளைத் தொட்டுப் பாருங்கள். பூஜ்யம் காட்டாத ஃப்யூஸ் வழியாகத்தான் மின்சாரம் ஓடுகிறது.

மினிவேனில் என் முதல் சந்தேகம் எப்போதும் பக்கக் கதவின் லாக்குக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச் மேல்தான். கதவு சாத்தியிருந்தும் அது திறந்திருப்பதாகச் சொன்னால் வண்டி முழுக்கத் தூங்காது. டேஷ்போர்டில் கதவு விளக்கு மினுக்கியிருக்கிறதா, உள்விளக்கு தாமதமாக அணைகிறதா என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் பேட்டரி பிரச்சினையும் கதவுப் பிரச்சினையும் ஒன்றாகவே இருக்கலாம். வெளியில் வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோ, கேமரா, பின்சீட்டுத் திரை ஆகியவை அடுத்த சந்தேகம்.

கதவுக்கு வருவோம். மோட்டார் வைத்த கதவு என்றால் அதன் பவர் சுவிட்சை அணைத்துவிட்டுக் கையால் இழுங்கள். கையாலும் கனமாக இருந்தால் மோட்டார் குற்றவாளி இல்லை, உருளைகளும் தண்டவாளமும்தான். பொதுவாக மூன்று உருளைகள்: கூரையோரம் ஒன்று, பக்கவாட்டுப் பின்கண்ணாடிக்குக் கீழே வெளிப்புறம் ஒன்று, படிக்குள் ஒன்று. படிக்குள் இருக்கும் பள்ளத்தில்தான் மணல், பிஸ்கட் தூள், சில்லறைக் காசு எல்லாம் குடியிருக்கும். வாக்யூமும் பிரஷும் போட்டு எடுத்து, துணியால் துடைத்து, தண்டவாளத்தில் சிலிகான் ஸ்பிரே மட்டும் அடியுங்கள். அங்கே கிரீஸ் தடவினால் தூசியைப் பிடித்து உருளையை அரைத்துத் தேய்த்துவிடும். கதவின் பின்முனை தொங்கினால் நடு உருளை தேய்ந்திருக்கும்.

எப்போதும் ஒரே இடத்தில் சிக்குகிறதா? சிக்கும் கதவு பெட்ரோல் மூடி உள்ள பக்கமா? அப்படியானால் வேறொன்று இருக்கிறது. பெட்ரோல் மூடி திறந்திருக்கும்போது கதவு போய் இடிக்காமலிருக்கப் பல மினிவேன்களில் ஒரு தடுப்பு நெம்புகோல் உண்டு. துருப்பிடித்து அது தடுத்த நிலையிலேயே நின்றுவிட்டால் கதவு பாதியில் நிற்கும். மூடியைத் திறந்து அதன் கீலருகே உள்ள பின்னை அழுத்திப் பாருங்கள், வெளியே வருகிறதா என்று. கொஞ்சம் எண்ணெய் போதும். கையால் வழுக்கிக்கொண்டு ஓடி, மோட்டாரில் மட்டும் நின்றால்தான் கேபிள் நார் பிரிந்ததா, கதவுக்குப் போகும் மடங்கு ஒயர் உள்ளே அறுந்ததா என்று பார்க்க வேண்டும்.

பின் ஏசிக்கு ஒரே கேள்வி: முன்னால் நன்றாகக் குளிர்கிறதா? குளிர்ந்தால் கம்ப்ரஸர் வேலை செய்கிறது, பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். பின்னால் காற்றே வரவில்லை, அல்லது அதிகபட்ச வேகத்தில் மட்டும் வருகிறது என்றால் ஃப்யூஸ், காற்றடிக்கும் புளோவர் மோட்டார், அதன் வேகத்தை மாற்றும் ரெசிஸ்டர் பக்கம் பாருங்கள். காற்று வருகிறது, குளிரில்லை என்றால் பின்பக்க எக்ஸ்பான்ஷன் வால்வு அடைப்பு, அல்லது சூடு-குளிர் மாற்றும் மடலின் சிறு மோட்டார் சூட்டுப் பக்கமே மாட்டிக்கொண்டது. டக்டக்கென்று சத்தம் வந்தால் அந்த மோட்டார்தான். முன்னாலும் குளிர் மந்தம் என்றால் கேஸ் கசிந்திருக்கலாம். பின்சக்கரத்தருகே ஓடும் அலுமினியக் குழாயில் எண்ணெய்க் கறை தேடுங்கள். கேஸை அழுத்தம் பார்த்து உத்தேசமாக நிரப்ப விடாதீர்கள். முன், பின் என்று இரட்டை ஏசிக்குக் கேஸ் கூடுதலாக வேண்டும். பானெட் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் எடைக்கே நிரப்ப வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று இதையெல்லாம்விட அவசரம். உங்கள் எஞ்சினில் வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் இயக்குவது டைமிங் பெல்ட்டா, செயினா? பெல்ட் என்றால் வண்டியைப் பொறுத்து 1,00,000 முதல் 1,60,000 கி.மீ., அல்லது 7 முதல் 10 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அதற்குள் மாற்ற வேண்டும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். பெல்ட்டை இறுக்கும் டென்ஷனரையும் அதைத் தாங்கும் ஐட்லர் உருளைகளையும் சேர்த்து மாற்றுங்கள். அந்தப் பெல்ட்டே வாட்டர் பம்ப்பையும் சுற்றினால், பட்டறைப் பட்டியலில் நான் ஒப்புக்கொள்ளும் ஒரே பாகம் அந்தப் பம்ப்தான். கூலி இரண்டு முறை கொடுக்க வேண்டியதில்லை. அதேபோல் குறுக்காக வைத்த வி6-இல் பின்வரிசை ஸ்பார்க் பிளக்குகளை எடுக்கப் பெரும்பாலும் எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்த்தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டியிருக்கும். அன்றைக்கே எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு, வால்வ் கவர் கேஸ்கட்டையும் முடித்துவிடுங்கள்.

கியர்பாக்ஸ் ஆயிலை வடித்து நிரப்பும்போது மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரைதான் மாறும். மீதி பெரும்பாலும் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை செய்யலாம். கையேடு சொல்லும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) வகை மட்டும் ஊற்றுங்கள். ஏற்கெனவே கியர் வழுக்குகிறது, ஆயில் கறுத்துக் கருகிய வாடை அடிக்கிறது என்றால் ஆயில் மாற்றி அதைத் திருத்த முடியாது.

பிரேக் பேட் 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றுங்கள், பிரேக் ஆயில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. டயரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் அது தயாரான வாரமும் ஆண்டும்; 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். 7 பேர் ஏறும் வண்டிக்கு டயரின் சுமைக் குறியீடு ஓட்டுநர் கதவோர ஸ்டிக்கரில் உள்ளதற்குக் குறையக் கூடாது.

வைத்துக்கொள்வதா விற்பதா என்பதை வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் துரு எவ்வளவு என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஜாக்கி வைக்கும் இடங்கள், கதவுக்குக் கீழுள்ள பெட்டிப்பகுதி, எஞ்சினைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேம் பொருந்தும் முனைகள், பிரேக் குழாய்கள். பிரேக் குழாயைத் தவிர மற்றவற்றை ஸ்குரூடிரைவரால் அழுத்திக் குத்துங்கள். மேலோடு பொரிந்து உதிர்ந்தால் பரவாயில்லை. முனை உள்ளே இறங்கினால் ஃபேன் மோட்டாருக்குக்கூடச் செலவு செய்யாதீர்கள்.