பூமியின் மேலோட்டுப் பாறைத் தட்டுகள் நகர்வதை ஜிபிஎஸ் வைத்து எப்படி அளக்கிறார்கள்? அதை வைத்து நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

கேட்டவர் கூடவே ஒரு சந்தேகத்தையும் எழுதியிருக்கிறார்: "என் போன் ஜிபிஎஸ் நான் பக்கத்துத் தெருவில் நிற்பதாகக் காட்டுகிறது. வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் நகர்வதை அது எப்படிக் கண்டுபிடிக்கும்?" நியாயமான சந்தேகம். நான் இருபது வருஷமாக சர்வே வேலையில் இருக்கிறேன். என் கையில் பட்ட ஒரு விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2011ல் திண்டுக்கல் பக்கம் ஒரு கரட்டின் மேல், பாறையில் துளை போட்டு, ஸ்டீல் கம்பி இறக்கி, எபாக்சி ஊற்றி ஒரு புள்ளி பதித்தோம். அதன்மேல் ட்ரைபாடை நிறுத்தி ரிசீவரை எட்டு மணி நேரம் ஓடவிட்டோம். ஆஸ்திரேலிய அரசு நடத்தும் இலவச இணையச் சேவையில் அந்தத் தரவை ஏற்றி கோஆர்டினேட், அதாவது அந்தப் புள்ளியின் துல்லியமான இருப்பிட எண்கள், வாங்கினோம். 2023ல் வேறொரு வேலைக்காக அதே புள்ளியில் மறுபடி நின்றேன். அதே சேவை, அதே எட்டு மணி நேரம். வந்த விடை பழையதிலிருந்து ஏறக்குறைய 65 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. கிழக்கே அரை மீட்டர், வடக்கே 40 சென்டிமீட்டர் சொச்சம்.

எங்கள் வேலையில் இது மன்னிக்க முடியாத தப்பு. ஆன்டெனா உயரத்தை மறுபடி அளந்தேன், ட்ரைபாட் மட்டமாக நிற்பதைக் காட்டும் பபிள் நடுவில் இருக்கிறதா என்று பார்த்தேன். கூட வந்த தம்பி, "அண்ணே, கம்பியை யாராவது பிடுங்கி நட்டிருப்பாங்களோ?" என்றான். குனிந்து பார்த்தால், கம்பியைச் சுற்றி எபாக்சி அப்படியே இறுகிக் கிடந்தது, ஓரத்தில் பாசி கூடப் படிந்திருந்தது. ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து 65ஐ 12ஆல் வகுத்தபோதுதான் பிடிபட்டது. வருஷத்துக்கு ஐந்தரை சென்டிமீட்டர், வடகிழக்காக. இந்தியத் தட்டு போகும் வேகமும் திசையும் அதேதான். கரடு, கம்பி, ஊர் எல்லாம் சேர்ந்து நகர்ந்திருக்கின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1990களிலிருந்து ஓடும் நிரந்தர ஜிபிஎஸ் நிலையமும் கிட்டத்தட்ட இதே வேகத்தைத்தான் காட்டுகிறது.

சரி, போனுக்கு முடியாதது இதற்கு எப்படி முடிகிறது? செயற்கைக்கோள் அனுப்பும் ரேடியோ அலையின்மேல் ஒரு குறியீடு ஏறி வருகிறது. போன் பெரும்பாலும் அந்தக் குறியீட்டை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடுகிறது, அதனால் சில மீட்டர் முன்னே பின்னே போகும். எங்கள் ரிசீவர் அந்த அலையையே அளக்கிறது. ஒரு அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். அதில் நூறில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்க முடிந்தால் இரண்டு மில்லிமீட்டர் ஆயிற்று. ஆனால் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருவதற்குள் அலை வழியில் தாமதப்படுகிறது. வளிமண்டலத்தின் உச்சியில் மின்னேற்றம் பெற்ற அடுக்கான அயனி மண்டலத்தின் தாமதத்தை, இரண்டு அலைவரிசைகளை ஒப்பிட்டுக் கழித்துவிடலாம். காற்றிலுள்ள ஈரப்பதம்தான் ரொம்பப் படுத்தும். அதனால் நிலையத்தை நாள் முழுக்க ஓடவிட்டு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு இருப்பிடக் கணக்கை எடுத்து வரைபடத்தில் புள்ளியாக வைப்பார்கள். வருஷக்கணக்கில் அந்தப் புள்ளிகளை வரிசையாக வைத்தால் ஒரு சாய்கோடு வரும். அந்தச் சாய்வுதான் வேகம்.

அப்புறம் ஆபத்து எங்கே வருகிறது? திண்டுக்கல்லும் பெங்களூரும் ஒரே வேகத்தில், ஒரே திசையில் போகின்றன. ஓடும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி, நடுவிலுள்ள தூரம் மாறுவதே இல்லை. பக்கத்து ஊருக்கும் நம் ஊருக்கும் வேகம் வேறுபடும் இடத்தில்தான் பாறை நசுங்குகிறது. அதற்கு நேபாளத்தைப் பார்க்க வேண்டும்.

நேபாளத்தின் தெற்குச் சமவெளி இந்தியாவோடு சேர்ந்து போகிறது. வடக்கே திபெத் எல்லைக்குப் போனால், இந்தியாவை ஒப்பிட வருஷத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வித்தியாசம். அந்த 2 சென்டிமீட்டரும் ஒரே கோட்டில் குதிப்பதில்லை, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் அகலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. இதற்கு என்ன அர்த்தம்? உயர்ந்த இமயமலைக்கு அடியில், ஆழத்தில், இந்தியத் தட்டு சிக்கலில்லாமல் வழுக்கி உள்ளே போகிறது. அதற்குத் தெற்கே, காத்மாண்டுவுக்கு அடியிலெல்லாம் இரண்டு பக்கமும் ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வளைத்துப் பிடித்த மூங்கில் மாதிரி மேலே இருக்கும் பாறை வளைந்துகொண்டே போகிறது. எங்கே ஒட்டியிருக்கிறது, எவ்வளவு அகலத்துக்கு, வருஷத்துக்கு எவ்வளவு சேர்கிறது: ஜிபிஎஸ் தருவது இந்தக் கணக்கைத்தான். (மழைக்காலத்தில் கங்கைச் சமவெளியில் சேரும் தண்ணீரின் பாரத்துக்கே இமயமலை நிலையங்கள் சில மில்லிமீட்டர் அசைகின்றன. முதன்முதலில் அந்த வரைபடத்தைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.)

2015 ஏப்ரல் 25 அன்று அந்த மூங்கிலின் ஒரு பகுதி விடுபட்டது. ரிக்டர் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் அளவில் 7.8. நேபாள அரசின் சுரங்க, புவியியல் துறையும் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகமும் சேர்ந்து நிறுவியிருந்த நிலையங்களில் சில, விநாடிக்கு ஐந்து முறை பதிவு செய்துகொண்டிருந்தன. காத்மாண்டுவுக்கு வடக்கே ககனியில் இருந்த நிலையம் தெற்கே இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும், மேலே ஒரு மீட்டருக்கு மேலும் நகர்ந்தது. அதில் பெரும்பகுதி சில விநாடிகளில் முடிந்துவிட்டது. அந்தப் பதிவு இன்னொன்றையும் காட்டியது. காத்மாண்டு ஒரு பழைய ஏரிப் படுகையின் மேல் இருக்கிறது, அந்த மண் நான்கைந்து விநாடிக்கு ஒரு முறை என்று மெதுவாக, பெரிதாக ஆடியது. இப்படி மெதுவான ஆட்டம் உயரமானவற்றைத்தான் அதிகம் உலுக்கும். இரண்டு மூன்று மாடி வீடுகள் பயந்த அளவுக்கு விழாமல் போனதற்கும், தரஹரா போன்ற உயரமான கோபுரம் சரிந்ததற்கும் இதில் பங்கு உண்டு. அப்படியும் ஏறக்குறைய 9,000 பேர் போய்விட்டார்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை அதற்கு மேற்கே. மேற்கு நேபாளத்தில் 1505க்குப் பிறகு மிகப் பெரிய நிலநடுக்கம் வரவில்லை. வருஷத்துக்கு 2 சென்டிமீட்டர் வீதம் 500 வருஷத்துக்குப் பெருக்கினால் 10 மீட்டர் நகர்வு பாக்கி நிற்கிறது. நிலையங்களைப் பார்த்தால் அங்கும் ஒட்டித்தான் இருக்கிறது. ஆக, என்றைக்கு என்று ஜிபிஎஸ் சொல்லாது. நாளைக்கும் ஆகலாம், நூறு வருஷமும் ஆகலாம். தேதி குறித்துச் சொல்கிறேன் என்று வாட்ஸ்அப்பில் வரும் எதையும் நம்பாதீர்கள். ஆனால் எந்த ஊரில் பள்ளிக்கூடத்தை முதலில் பலப்படுத்த வேண்டும் என்று இந்தக் கணக்கு சொல்லும்.

நிலநடுக்கம் தொடங்கிய பிறகு ஜிபிஎஸ் இன்னொரு வேலையும் செய்யும். 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிவாக்கில் சுமத்ராவில் பூமி உடைந்தது. ஹவாயில் இருக்கும் சுனாமி எச்சரிக்கை மையத்தின் முதல் கணக்கு 8.0, உண்மையில் அது 9ஐத் தாண்டியது. நில அதிர்வுக் கருவிகளின் வழக்கமான விரைவுக் கணக்கு இவ்வளவு பெரிய அதிர்வைக் குறைத்தே காட்டும். ஆனால் தரை எவ்வளவு தள்ளிப் போனது என்பதில் அந்தக் குழப்பம் இல்லை. அன்று பெங்களூரு நிலையமே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கிழக்கே நகர்ந்தது. உடனுக்குடன் கணக்குப் போட்டிருந்தால் 15 நிமிடத்தில் உண்மையான அளவு தெரிந்திருக்கும் என்று பின்னால் 2006ல் ஜிபிஎஸ் ஆய்வாளர் ஜெஃப்ரி பிளெவிட் குழுவினர் காட்டினார்கள். சென்னையில் சுனாமி அலை ஏறியது ஒன்பது மணிக்கு மேல். நாகப்பட்டினத்துக்குச் சில மாதம் கழித்துக் கரையோர சர்வேக்குப் போனபோது, இடிந்த சுவர்களுக்கு நடுவில் இந்த இரண்டரை மணி நேரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இப்போது அந்தமான் நிக்கோபார் தீவுகளில் நிலையங்கள் இருக்கின்றன, அவற்றின் தரவு உடனுக்குடன் ஹைதராபாத் சுனாமி எச்சரிக்கை மையத்துக்குப் போகிறது.