நெதர்லாந்தின் ஃபார்முலா 1 கார் பந்தய ஓட்டுநர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்கு ஏன் இவ்வளவு ரசிகர்கள்?

வென்ற கோப்பைகளைவிட அவர் ஓட்டும் விதம்தான் முதல் காரணம் என்பேன். 2024 பிரேசில் பந்தயத்தைப் பாருங்கள். கொட்டும் மழை, 17-வது இடத்தில் தொடக்கம். மற்றவர்கள் தடுமாறிய ஈரத் தடத்தில் பிடிமானம் எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி ஓட்டி, முதலாவதாக வந்தார். 2016-லும் இதே தடத்தில், இதே மாதிரி மழையில், கடைசிச் சுற்றுகளில் ஒவ்வொருவராக முந்தி மூன்றாம் இடம் பிடித்தார். அப்போது வயது 19!

அப்பா யோஸ் ஃபார்முலா 1 ஓட்டுநர், அம்மா சோஃபியும் கார்ட் எனும் சிறிய பந்தய வண்டிகளை ஓட்டிய வீராங்கனை. மேக்ஸ் ஃபார்முலா 1-ல் அறிமுகமானது 17 வயதில். ரெட் புல் அணிக்காக ஓட்டிய முதல் பந்தயத்திலேயே, 2016 ஸ்பெயினில், 18 வயதில் வெற்றி. அதற்கு முன் எந்த நெதர்லாந்து ஓட்டுநரும் ஃபார்முலா 1 பந்தயம் வென்றதில்லை. அந்த நாட்டு மக்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு உலகச் சாம்பியன் பட்டங்கள்; 2023-ல் மட்டும் 22 பந்தயங்களில் 19 வெற்றி.

அப்புறம் சாண்ட்வோர்ட், நெதர்லாந்திலேயே உள்ள பந்தயத் தடம். 1985-க்குப் பிறகு 2021-ல்தான் அங்கே மீண்டும் ஃபார்முலா 1 நடந்தது. கடலோர மணல்மேடுகளுக்கு நடுவே அரங்கம் முழுக்க நெதர்லாந்து ரசிகர்களின் ஆரஞ்சு நிறம். அந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் அவரே வென்றார்.