பழைய நாவலை முடிப்பதா, விட்டுவிடுவதா?

அன்புள்ள மேடத்துக்கு வணக்கம்.

எனக்கு வயது 53. மதுரையில் அரசுப் பள்ளி ஆசிரியர். சொந்த ஊர் கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் நடுவில் ஒரு கரிசல்காட்டுக் கிராமம். சிறுகதைகள் எழுதுவேன், இரண்டு தொகுப்புகள் வந்திருக்கின்றன. என் பிரச்சினை உங்களிடம் கேட்கக்கூடியதுதானா என்று தெரியவில்லை. வேறு யாரிடம் கேட்பது என்றும் புரியவில்லை.

2011-ல் ஒரு நாவல் ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்துத் தீப்பெட்டி ஆபிஸ்களைப் பற்றியது (தொழிற்சாலையை அங்கே ஆபிஸ் என்றுதான் சொல்வோம்). மானாவாரி பூமி, மழை பொய்த்தால் கம்பும் இல்லை, பருத்தியும் இல்லை. அந்த வருடங்களில் விடியுமுன் இருட்டில் ஆபிஸ் பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். நாவலில் வள்ளி என்று ஒரு பெண். பத்து வயதில் குச்சி அடுக்கப் போகிறாள், அவள் சம்பளத்தில் தம்பி படிக்கிறான். கடைசியில் தீக்குச்சி மருந்து வைத்திருக்கும் அறையில் பிடிக்கும் தீயில் அவள் இறந்துபோகிறாள். இந்த முடிவு எழுத ஆரம்பிக்கும்போதே மனதில் இருந்தது. முந்நூறு பக்கம் தாண்டிவிட்டேன். அந்தக் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன், வருடக்கணக்காக.

இதற்கிடையே நடந்ததைச் சொல்ல வேண்டும். என்னோடு எழுத ஆரம்பித்த ஒருவர், நான் கதைக்களத்தையெல்லாம் அவரிடம் பேசியிருக்கிறேன், அதே தீப்பெட்டித் தொழிலை வைத்து நாவல் எழுதிப் பரிசும் வாங்கிவிட்டார். வாழ்த்தினேன். ஆனால் அன்றைக்கு மனது விட்டுப்போய்விட்டது. இனி நான் எழுதினாலும் அவரைப் பார்த்து எழுதியதாகத்தான் சொல்வார்கள். பதிப்பாளர் ஒருவர் முதல் பத்து அத்தியாயங்களை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வருடம் கழித்து, "கரிசல் நிறைய வந்துவிட்டது சார், புதுசா ஏதாவது பண்ணுங்க" என்றார். ஒரு வருடம்! ஒரு வாரத்தில் சொல்லியிருக்கலாம்.

வீட்டில் மனைவி, "முடிக்கிறதுன்னா முடிங்க, இல்லேன்னா அந்தப் பையைத் தூக்கிப் பரண்ல போடுங்க" என்கிறாள். அவளுக்கு இது ஒரு பை. எனக்கு அது எவ்வளவு காலம் என்று அவளுக்குப் புரியவில்லை.

2021 டிசம்பரில் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானது, 14 வருடத்துக்குப் பிறகு. அதைப் படித்ததும் கதையை இன்றைய காலம் வரை இழுக்கலாமே என்று தோன்றியது. இயந்திரம் வந்தது, லைட்டர் வந்தது எல்லாவற்றையும் சேர்க்கலாம் என்று குறிப்பெடுத்தேன். அதுவும் நடக்கவில்லை.

இப்போது புதிய நாவல் ஒன்று மனதில் வந்திருக்கிறது. சென்னை ஓ.எம்.ஆரில் நடப்பது. அதிகாலை மூன்று மணிக்குக் கம்பெனி கேப் வந்து ஏற்றிக்கொண்டு போகும் ஒரு பெண், ஊரில் இருக்கும் குடும்பத்துக்குப் பணம் அனுப்புகிறவள். முதல் அத்தியாயம் ஒரே மூச்சில் வந்தது. பழைய நாவலில் ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம் ஆகிறது, இது ஒரே மூச்சில்! ஆனால் பழையதை அப்படியே விட்டால் துரோகம் செய்வது போல இருக்கிறது. ஜனவரி புத்தகக் காட்சிக்குள் ஏதாவது ஒன்றை முடித்தே ஆக வேண்டும் என்று எனக்கு நானே கெடு வைத்திருக்கிறேன். இரவில் சரியாகத் தூக்கமில்லை.

இன்னொன்று. என் அக்கா சாத்தூரில் இருக்கிறாள். என்னைவிட நாலு வயது மூத்தவள். அவளும் ஆபிஸுக்குப் போனவள்தான். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது, "ஏ தம்பி, நாங்க பஸ்ஸுல பாட்டுக் கட்டிப் பாடுவோமே, அதெல்லாம் உன் கதையில வருதா?" என்று கேட்டாள். நான் சும்மா சிரித்து வைத்தேன். அவள் அறிவொளி வகுப்பில் எழுத்துக்கூட்டப் படித்தவள், இந்த நாவலையெல்லாம் படிக்கவா போகிறாள். அதை விடுங்கள்.

என் கேள்வி ஒன்றுதான். பழையதை முடிப்பதா, புதியதைத் தொடங்குவதா? ஒரு வருடம் வைத்திருந்துவிட்டு வேண்டாம் என்கிற பதிப்பாளர்கள் இருக்கிற உலகத்தில் எதற்காக முடிக்க வேண்டும்?

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை.

-

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பரின் பரிசு, பதிப்பாளரின் ஒரு வருடம், உங்கள் மனைவியின் பரண் எல்லாவற்றையும் படித்தேன். வருத்தம் நியாயமானது. ஆனால் அவற்றில் எதுவும் உங்கள் நாவலை நிறுத்தவில்லை என்று நினைக்கிறேன். முந்நூறு பக்கம் எழுதிய கை, சரியாக அந்தத் தீவிபத்துக்கு முன்னால் நின்றிருக்கிறது. பதிப்பாளர் சொன்னது காரணமென்றால் பத்தாம் அத்தியாயத்திலேயே நின்றிருக்கும்.

"அதை விடுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் விடப்போவதில்லை. கடிதத்தில் உயிரோடு ஒரு மனிதர் பேசுவது அந்த இடத்தில்தான்.

வள்ளி பத்து வயதில் ஆபிஸுக்குப் போகிறாள், தம்பி படிக்கிறான். உங்கள் அக்கா உங்களைவிட நாலு வயது மூத்தவர், அவரும் ஆபிஸுக்குப் போனவர். நீங்கள் ஆசிரியர். வள்ளி யார் என்பதை நீங்கள் எனக்குச் சொல்லவில்லை, ஆனால் மறைக்கவும் இல்லை. அந்த வள்ளியை முதல் நாளிலிருந்தே சாகடிக்கத் திட்டமிட்டிருக்கிறீர்கள். நிஜத்தில் அக்கா சாகவில்லை. சாத்தூரில் இருக்கிறார், தீபாவளிக்கு வருகிறார், தன் பாட்டு கதையில் வருகிறதா என்று கேட்கிறார்.

ஏன் சாக வேண்டும்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தவறென்றால் திருத்துங்கள். இறந்துபோன அக்காவுக்காக ஒரு தம்பி வாழ்நாள் முழுக்க அழலாம். அவர் எதிரில் வந்து உட்கார்ந்து எதையும் கேட்க மாட்டார். உயிரோடிருக்கும் அக்கா கேட்பார். நீங்கள் எதிர்பார்க்காததைக் கேட்பார். நீங்கள் அவருடைய கஷ்டத்தைச் சுமந்துகொண்டு காத்திருந்தீர்கள், அவர் பாட்டைப் பற்றிக் கேட்டுவிட்டார். உங்கள் முந்நூறு பக்கத்தில் அந்தப் பஸ்ஸில் யாராவது பாடுகிறார்களா? சிரித்து வைத்தீர்கள் என்பதைப் பார்த்தால் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

இங்கே நான் உங்கள் அக்காவின் பக்கம் நிற்க வேண்டியிருக்கிறது. "படிக்கவா போகிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பகல் முழுக்க உழைத்துவிட்டு, ராத்திரியில் அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து, வளர்ந்த வயதில் எழுத்துக் கற்றுக்கொண்ட பெண் அவர். 90களில் அப்படிக் கற்றுக்கொண்டவர்களில் பலர் அதற்காக வீட்டில் சண்டை போட்டிருக்கிறார்கள், கேலியைத் தாங்கியிருக்கிறார்கள். தம்பி படிக்கத் தான் விட்டுக்கொடுத்த ஒன்றை அவர் தேடிப்போய் எடுத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் ஓர் ஆசிரியர். உங்கள் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒரு பிள்ளையைப் பற்றி இப்படி ஒரு வரி எழுதுவீர்களா? நிச்சயம் மாட்டீர்கள். அக்காவைப் பற்றி எழுத முடிந்தது, ஏனென்றால் அவர் படித்துவிடுவாரோ என்பதுதான் உங்கள் பயம். படிக்க மாட்டார் என்று சொல்லிக்கொள்வது அந்தப் பயத்துக்கு ஆறுதலாக இருக்கிறது.

அவர் படித்தால் என்ன ஆகும்? தன் சிறுவயது முழுவதும் இருட்டும் கந்தக வாடையும் மட்டுமே என்று தம்பி எழுதியிருப்பதைப் பார்ப்பார். தான் ஒருமுறைகூடச் சிரிக்காதவளாக, கடைசியில் தீயில் போகிறவளாக அதில் இருப்பதைப் பார்ப்பார். "நான் உனக்கு இவ்வளவுதானா?" என்று அவர் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கு உங்களிடம் இப்போது பதில் இல்லை. நாவல் நிற்பது அதனால்தான்.

நீங்கள் குற்றவாளி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்கா முதன்முதலில் பஸ் ஏறியபோது உங்களுக்கு ஆறு வயது இருந்திருக்கும். யார் பள்ளிக்கு, யார் ஆபிஸுக்கு என்று முடிவெடுத்தது நீங்கள் இல்லை. பெய்யாத மழை முடிவெடுத்தது, ஏஜென்ட்டிடம் வாங்கிய முன்பணம் முடிவெடுத்தது, பெண்பிள்ளை தானே என்ற எண்ணமும் முடிவெடுத்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது. 14 வயது நிரம்பாதவர்களை ஈடுபடுத்தக் கூடாத வேலைகளின் பட்டியலில் தீப்பெட்டித் தயாரிப்பும் இருந்தது. உங்கள் அக்கா அதற்குள் அந்த வயதைத் தாண்டிவிட்டிருப்பார். ஆறு வயதுப் பையன் அந்தப் பாரத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான், ஐம்பத்து மூன்று வயதிலும் இறக்கி வைக்கத் தெரியாமல் நிற்கிறான். அந்தப் பையன் மேல் எனக்கு இரக்கம் இருக்கிறது. ஆனால் அவன் பாரத்தை இறக்குவதற்காக அக்காவைக் கதையில் எரிக்க அனுமதிக்க முடியாது. உங்கள் கையே அனுமதிக்கவில்லை, பாருங்கள். பல வருடமாக மறுத்துக்கொண்டிருக்கிறது. இதைச் சோம்பல் என்றோ எழுத்து வறட்சி என்றோ நினைத்திருப்பீர்கள். எனக்கு அதில் அக்கா இருக்கிற எந்தத் தம்பிக்கும் உள்ள பாசம்தான் தெரிகிறது.

சரி, புதிய நாவலுக்கு வருவோம். விடியுமுன் வண்டி வந்து ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போகிறது, அவள் சம்பளத்தில் ஊரில் குடும்பம் நடக்கிறது. இதைப் புதிய நாவல் என்று நீங்கள் நம்புகிறீர்கள். மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். பஸ் கேப் ஆகிவிட்டது, சாத்தூர் ஓ.எம்.ஆர் ஆகிவிட்டது. முதல் அத்தியாயம் ஒரே மூச்சில் வந்ததும் அதனால்தான், அந்த இருட்டும் வண்டிச் சத்தமும் உங்களுக்கு ஏற்கனவே தெரியும். எழுதுங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் அது உங்களைப் பழையதிலிருந்து விடுவிக்கும் என்று எதிர்பார்த்தால், இன்னும் முந்நூறு பக்கம் கழித்து அந்தப் பெண்ணின் கேப் ஏதோ ஒரு லாரி மேல் மோதப்போகிறதா இல்லையா என்று தெரியாமல் நிற்பீர்கள்.

துரோகம் என்ற பேச்சை விட்டுவிடலாம். போட்ட உழைப்பு வீணாகிவிடுமே என்பதற்காகவே ஒரு வேலையைத் தொடர்வது மனித சுபாவம். அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள், 1985-ல் அதன் முடிவு வெளியானது. நாடக சீசன் டிக்கெட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள், தள்ளுபடியில் வாங்கியவர்களைவிட முதல் பாதி சீசனில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். கொடுத்த காசு இழுத்தது. உங்களுக்கு அந்த இழுப்பு மட்டும்தான் இருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். முடியாத நாவல் பாவமில்லை. பாரதியின் 'சந்திரிகையின் கதை' முடியாமலேதான் நிற்கிறது, இன்றும் நாம் படிக்கிறோம்.

ஆனால் உங்களுக்கு அந்த இழுப்பு மட்டும் இல்லை. உங்களுக்குப் பொருந்துவது அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்னின் கதை. 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலை 1876-ல் ஆரம்பித்துப் பாதியில் ஒதுக்கிவைத்தார். நடுவில் வேறு புத்தகங்கள் எழுதினார், இதையும் எடுத்தார், மறுபடி வைத்தார். 1882-ல், இளவயதில் தான் படகோட்டிய மிசிசிப்பி ஆற்றுக்கு ஒரு முறை போய்வந்தார். அடுத்த வருடக் கோடையில் நாவல் வேகமாக முடிந்தது. ஆறு அங்கேயே இருந்தது, அவர்தான் போக வேண்டியிருந்தது.

உங்களுக்குச் சாத்தூர் அவ்வளவு தூரமில்லை. போங்கள். ஆனால் நாவலுக்குத் தகவல் சேகரிக்கப் போகாதீர்கள், குறிப்பேட்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அந்தப் பாட்டுகளைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். யார் கட்டினது, யாரைக் கிண்டல் செய்தது, ஏஜென்ட்டைப் பற்றிப் பாட்டு இருந்ததா என்று கேளுங்கள். கோபமாக அவர் ஏதாவது சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். "நீ படிச்சே, நான் படிக்கலை" என்று அவர் சொல்லவும் கூடும். அப்போது மன்னிப்புக் கேட்டுப் பேச்சை மூடிவிடாதீர்கள், அவர் சொல்லி முடிக்கட்டும். அதற்கு அப்புறம் வேறொரு நாள் முதல் அத்தியாயத்தை அவருக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள். இப்படி எழுதலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. சொன்னால் அந்தப் பையைப் பரணில் போடத்தான் வேண்டும், அது உங்களுக்குச் செய்யும் துரோகமும் இல்லை.

எழுது என்று சொன்னால் வள்ளி பிழைப்பாளா, பிழைத்தால் அந்த நாவல் எங்கே போய் முடியும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. எழுதுகிறவர் நீங்கள்.

தூக்கமின்மை இன்னும் சில வாரம் இப்படியே போனால் ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். ஜனவரி கெடுவை இன்றே எடுத்துவிடுங்கள். பொங்கல் விடுமுறையில் நீங்கள் இருக்க வேண்டிய இடம் புத்தகக் காட்சி இல்லை, அக்கா வீடு.