மண்டை ஆபரேஷன் ஆன பையன் கிளாஸ்ல உக்கார மாட்டேங்கறான், அதனாலதானா இது?

காவேரிப்பட்டணத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பையனுக்கு ஏழு வயசு, ரெண்டாங்கிளாஸ். பொறந்தப்பவே தலை முன்னாடியும் பின்னாடியும் நீளமா, ரெண்டு பக்கமும் ஒடுங்கி இருந்துச்சாம், குளிப்பாட்ட வந்த பாட்டி எண்ணெய் வெச்சு உருட்டி உருட்டி பாத்தும் ஒண்ணும் மாறல, கடைசில எட்டாவது மாசம் பெங்களூர்ல ஆபரேஷன் பண்ணி "மூளை நல்லா இருக்கு"ன்னு அனுப்பிட்டாங்க. இப்ப என்னன்னா கிளாஸ்ல அஞ்சு நிமிஷம் உக்கார மாட்டேங்கறான், எழுத ஆரம்பிச்சா முடிக்கறதில்ல, வாரத்துக்கு நாலு பென்சில் தொலைக்கறான்னு மிஸ் தினமும் கம்ப்ளைண்ட். மாமியார் "மூளைல கைய வெச்சாங்கல்ல, அதான்"ங்கறாங்க. ஆபரேஷனாலதானா, மறுபடி ஸ்கேன் எடுக்கணுமா, மாத்திரை குடுப்பாங்களா, இதான் அவங்க கேள்வி.

மொதல்ல மாமியார் விஷயத்தை முடிச்சுடலாம், ஏன்னா வீட்ல நிம்மதி கெடறது அதனாலதான். இந்த ஆபரேஷன்ல எலும்பைத்தான் வெட்டி அடுக்குவாங்க. எலும்புக்கு கீழ மூளைய மூடி டூரா மேட்டர்னு கெட்டியா ஒரு ஜவ்வு இருக்கு, சாதாரணமா அதை திறக்கவே மாட்டாங்க. அதனால மூளைல யாரும் கை வெக்கல. அதே மாதிரி வயித்துல இருக்கும்போது கிரகணத்துல வெளிய வந்தீங்க, அதனாலதான் இப்படி பொறந்துச்சுன்னு யாராவது சொல்லியிருந்தா அதையும் காதுல போட்டுக்காதீங்க, என்கிட்ட வர்ற பத்து அம்மால எட்டு பேருக்கு இந்த பேச்சு விழுந்திருக்கு.

சரி, நிஜமா என்ன ஆகுதுன்னா, மண்டை ஓடு ஒரே எலும்பு கெடையாது, பல பலகை சேர்ந்தது, நடுநடுவுல தையல் போட்ட மாதிரி இணைப்பு இருக்கும். மொத வருஷத்துல மூளை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா வளருது, அதுக்கு எடம் குடுக்கத்தான் அந்த இணைப்பெல்லாம் திறந்தே இருக்கு. அதுல ஒண்ணு முன்கூட்டியே ஒட்டிக்கிட்டா அந்தப் பக்கம் விரிய முடியாம மண்டை வேற பக்கமா நீளும். இதுக்கு பேர் கிரேனியோசினோஸ்டோசிஸ், சுமாரா 2000ல இருந்து 2500 குழந்தைக்கு ஒண்ணு இப்படி பொறக்குது. நீங்க சொல்ற நீள மண்டைன்னா நடு வகிடு எடுக்கற எடத்துல ஓடற இணைப்பு ஒட்டியிருக்கும், அதான் ரொம்ப பரவலான வகை, பசங்களுக்குத்தான் அதிகம். டாக்டர்ங்க படகு மண்டைம்பாங்க, நம்ம ஒகேனக்கல் பரிசலை நெனச்சுக்காதீங்க அது வட்டம், இது நீளப் படகு.

உங்க கேள்விக்கு நேரா பதில் சொல்லணும்னா, கொஞ்சம் சம்பந்தம் இருக்கலாம், ஆனா முழுக்க அதுமேல பழி போட முடியாது. ஒரே ஒரு இணைப்பு மட்டும் ஒட்டி, வேற சிண்ட்ரோம், அதாவது உடம்புல பல எடத்தை சேர்த்து பாதிக்கற பிறவிக் கோளாறு, எதுவும் இல்லாத பசங்கள்ல பெரும்பாலானவங்க அறிவுல நார்மல்தான். ஆனா ஸ்கூல் வயசு வந்தப்புறம் மத்த பசங்களோட ஒப்பிட்டா கவனம், பேச்சு, வாசிப்பு இதுல எல்லாம் சின்ன சின்ன சிக்கல் கொஞ்சம் கூடுதலாவே தெரியுது. நெத்தி முக்கோணமா துருத்திட்டு இருக்கற வகைல நடத்தை பிரச்சனை இன்னும் கொஞ்சம் அதிகம். மியூன்கே, ஏபெர்ட் மாதிரி சிண்ட்ரோம்னா கதையே வேற, அங்க காது கேக்கறது, தூக்கம், படிப்புன்னு எல்லாத்தையும் சேர்த்தே பாக்கணும். ஏன் இப்படி வருதுங்கறதுல டாக்டர்ங்களுக்குள்ளயே ரெண்டு கட்சி, மண்டைக்குள்ள அழுத்தம்தான்னு ஒரு பக்கம், எலும்பை ஒட்ட வெச்ச அதே காரணம் மூளை வளர்ச்சியையும் லேசா தொட்டிருக்கும்னு இன்னொரு பக்கம்.

இப்ப நான் சொல்ற வேலையை ஏடிஹெச்டி, அதாவது கவனம் நிக்காம ஒரு எடத்துல இருக்க முடியாத குறைபாடு, அந்த வார்த்தையை யாரும் சொல்றதுக்கு முன்னாடியே செஞ்சுடுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வெச்சு எந்திரிச்சு பையன் பக்கத்துல பத்து நிமிஷம் உக்காருங்க. வாயை திறந்து தூங்கறானா, குறட்டை விட்டுட்டே வந்து திடீர்னு சத்தம் நின்னு, அப்புறம் மூச்சு வாங்கி திணறி எழறானா, கழுத்தை பின்னால வளைச்சு படுக்கறானா, தலைகாணி வேர்வைல நனையுதான்னு பாத்து அப்படியே போன்ல வீடியோ எடுத்துக்குங்க. தூக்கம் கெட்ட பெரியவங்க பகல்ல தூங்கி வழிவாங்க, தூக்கம் கெட்ட குழந்தை பகல்ல ஆட்டம் போடும், அதை பாத்து ஏடிஹெச்டின்னு முத்திரை குத்திட்டு போறதை நானே பாத்திருக்கேன். அந்த ஒரு நிமிஷ வீடியோ இஎன்டி டாக்டருக்கு பத்து பக்க ரிப்போர்ட்டுக்கு சமம். பையனோட அப்பா மாங்கா மண்டில வேலை பாக்கறார், சீசன்ல ராத்திரி 12 மணிக்குத்தான் வருவார், அப்ப பையனும் முழிச்சுக்கறான்னு வேற எழுதியிருக்கீங்க. ஏழு வயசுக்கு 9ல இருந்து 12 மணி நேரம் தூக்கம் வேணும்ங்க, ஸ்கூல் வேன் ஏழரைக்கு வந்தா கணக்கு எங்க உதைக்குதுன்னு நீங்களே போட்டு பாருங்க.

அடுத்து காதையும் கண்ணையும் டெஸ்ட் பண்ணிடுங்க, ஹீமோகுளோபினும் ஒரு தடவை பாத்துடுங்க. கண் டாக்டர்கிட்ட போறப்ப பழைய ஆபரேஷன் விஷயத்தை சொல்லி, மருந்து விட்டு கண்ணுக்குள்ள பின்பக்க நரம்பை பாக்க சொல்லுங்க, ஏன்னா ஆபரேஷன் ஆகி வருஷம் கழிச்சும் சிலருக்கு மண்டைக்குள்ள அழுத்தம் ஏறலாம், அது சில சமயம் அங்க வீக்கமா தெரியும். காலைல எந்திரிச்சதும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கறது, நல்லா இருந்த பையன் திடீர்னு படிப்புல சரியறது, இதெல்லாம் இருந்தா கண் டாக்டரோட நிக்காம ஆபரேஷன் பண்ண டீம்கிட்டயே உடனே போங்க, ஸ்கேன் வேணுமான்னு அவங்க முடிவு பண்ணட்டும். இது எதுவும் இல்லாம, கவனம் இல்லைங்கறதுக்காக மட்டும் சிடி ஸ்கேன் எடுக்காதீங்க, கவனம் படத்துல தெரியாது, கதிர்வீச்சுதான் மிச்சம்.

இதெல்லாம் சரியா இருந்தும் அதே ஆட்டம்னா அப்ப ஏடிஹெச்டிய பாக்கலாம். வீடு, ஸ்கூல்னு ரெண்டு எடத்துலயும் இருக்கணும், ஆறு மாசமாவது நீடிச்சிருக்கணும், அதனால மிஸ் ஒருத்தர் சொன்னதை மட்டும் வெச்சு யாரும் முடிவு பண்ண முடியாது. "போன் குடுத்தா ரெண்டு மணி நேரம் அசையாம பாக்கறானே"ன்னு எல்லாரும் கேப்பாங்க, போன்ல ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை படம் மாறுது, அது கவனத்துக்கு டெஸ்டே இல்ல. "செருப்பை எடுத்து வெச்சுட்டு, கை கழுவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்து வெளிய வை"ன்னு மூணு வேலையை ஒண்ணா சொல்லி எதுவரைக்கும் போறான்னு ஒரு வாரம் பாத்து குறிச்சு வைங்க. என்கிட்ட வந்த ஒரு பொண்ணு செருப்போட கை கழுவிட்டு அங்கயே தண்ணில விளையாட ஆரம்பிச்சுடுவா, டிபன் பாக்ஸ் மறுநாள் காலைல பைக்குள்ளதான் கிடைக்கும். அடமும் இல்ல திமிரும் இல்ல, ரெண்டாவது வேலைக்குள்ள மூணாவது வேலை மண்டையை விட்டே போயிடுது.

மிஸ்கிட்ட சண்டைக்கு போகாதீங்க, முன் பெஞ்ச்ல ஜன்னல் பக்கம் இல்லாம உக்கார வைக்கவும், பத்து வரி எழுத சொல்றதை மூணு மூணா பிரிச்சு குடுக்கவும், நடுவுல கரும்பலகை அழிக்கற வேலையை அவனுக்கே குடுக்கவும் கேளுங்க. வீட்லயும் அதே கணக்குதான், பத்து நிமிஷம் ஹோம்வொர்க், ரெண்டு நிமிஷம் ஓட்டம். அரசு ஸ்கூல்னா வட்டார வள மையத்துல இருக்கற சிறப்பு ஆசிரியரை கேக்கலாம். டெஸ்டுக்கு மாவட்ட இடையீட்டு சேவை மையம், ஆஸ்பத்திரில டிஇஐசின்னு சொன்னா வழி காட்டுவாங்க, 18 வயசு வரைக்கும் காசு இல்லாம பாப்பாங்க. அங்கயும் தெளிவாகலன்னா உங்களுக்கு நிம்ஹான்ஸ் தூரம் இல்ல, பெங்களூர்ல இருக்கற மனநல, நரம்பு ஆஸ்பத்திரி அது, ஓசூர் ரோட்லயேதான் இருக்கு.

மாத்திரை பத்தி கேட்டீங்க. ஆறு வயசுக்கு மேல ஏடிஹெச்டி உறுதியாகி, மேல சொன்னதெல்லாம் பண்ணியும் ஸ்கூல்ல தாக்குப்பிடிக்க முடியலன்னா மெத்தில்பெனிடேட் எழுதுவாங்க, பசி குறையும், சிலருக்கு தூக்கம் தள்ளிப்போகும், அதனால எடை, உயரம், பிபி எல்லாம் அப்பப்ப பாத்துட்டே வருவாங்க. மூளையை மழுங்கடிக்கற மாத்திரை இல்ல அது, ஆனா குறட்டை விடற பையனுக்கு குறட்டையை கவனிக்காம மொதல்ல இதை ஆரம்பிக்கறதுல எனக்கு சம்மதம் இல்ல.

போறப்ப ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, அந்த ராத்திரி வீடியோ, அப்புறம் பையனோட ரெண்டு ஸ்கூல் நோட்டு எடுத்துட்டு போங்க. டாக்டர் பாப்பாங்களேன்னு புது நோட்டுல அழகா எழுத வெச்சு கொண்டு போகாதீங்க. மொத மூணு வரி முத்து முத்தா, நாலாவது வரில இருந்து கோட்டை விட்டு இறங்கி, பாதில நின்னு மூலைல ஒரு லாரி வரைஞ்சிருக்கும் பாருங்க, அந்த பக்கம்தான் வேணும்.